கித்தார் வாசிக்கத் தெரியாத கித்தார் மேதை லியோ ஃபெண்டர்

மின் கித்தார் பழகும் மாணவர்கள் பலருக்கு ஃபெண்டர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்றே தெரியாது. கித்தாரின் தலைப்பகுதியில் வளைந்த எழுத்தில் பொறித்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர், அவ்வளவுதான். ஜொகூர் பாருவில் நான் பல ஆண்டுகளாகக் கித்தார்களைச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் அவர் உருவாக்கிய ஸ்டிராட்டோகாஸ்டர் கித்தாராகவோ அதைப் பார்த்துச் செய்த மலிவான கித்தாராகவோ இருக்கும். விலை எதுவாக இருந்தாலும் மாணவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான். ஒரு கம்பிக்குச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் கலைந்துவிடுகின்றன என்பார்கள். கித்தார் கெட்டுவிட்டதா, வேறு வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள்.

கித்தார் கெடவில்லை. அதில் இருக்கும் டிரெமோலோ பிரிட்ஜின் இயல்பே அதுதான். வீணையில் குதிரை என்று சொல்கிறோமே, கம்பிகளைத் தாங்கி நிற்கும் அந்தப் பாகத்தைத்தான் கித்தாரில் பிரிட்ஜ் என்கிறார்கள். வீணையின் குதிரை அசையாது. லியோ ஃபெண்டர் செய்த குதிரை அசையும். அதை ஏன் அசைய வைத்தார், எத்தனை முறை மாற்றி மாற்றிச் செய்தார் என்று தெரிந்துகொண்டால் அந்தப் புகாருக்கும் விடை கிடைத்துவிடும்.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே அவருடைய பெற்றோருக்கு ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. எட்டு வயதில் இடக்கண்ணில் கட்டி வந்து கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான். இரண்டாம் உலகப் போரின்போது அவரைப் படையில் சேர்த்துக்கொள்ளாததற்கும் அதுவே காரணம்.

பதின்மூன்று வயதிருக்கும்போது, வாகன மின்சாதனக் கடை வைத்திருந்த மாமா ஜான் வெஸ்ட் ஒரு பெட்டி நிறையப் பழைய வாகன வானொலிப் பாகங்களை அனுப்பிவைத்தார். பின்னர் சாண்டா மரியா என்ற ஊரில் இருந்த மாமாவின் கடைக்குப் போனபோது, உதிரிப் பாகங்களால் அவரே செய்த வானொலி ஒன்று உரத்து ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் லியோவின் மனத்தை விட்டு அகலவே இல்லை. சிறு வயதில் பியானோ கற்றார், சாக்ஸஃபோன் வாசித்தார். கித்தாரை மட்டும் அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை.

கல்லூரியில் அவர் படித்தது மின்னியல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். படித்தது கணக்கியல். பனிக்கட்டி நிறுவனம் ஒன்றில் விநியோகம் செய்பவராகச் சேர்ந்து அங்கேயே கணக்கராக உயர்ந்தார். பிறகு மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு வேலை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வேலை போயிற்று. அடுத்து ஒரு டயர் நிறுவனம், அங்கும் வேலை போயிற்று. 1938ஆம் ஆண்டு 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் வானொலி பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார். அப்போது அவருக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கடைக்கு வந்தவர்களில் இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரக்கிறது, கித்தார் கேட்கவில்லை என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். லியோ அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார். என் பார்வையில் அவருடைய பெரிய சொத்து மின்னியல் அறிவைவிட அந்தப் பொறுமைதான். தனக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிப்பவர் சொல்வதை மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்பே இல்லை. ஒரு பாகத்தைச் செய்வார், யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வார், குறையைக் கேட்டுக்கொண்டு போய் மறுபடியும் செய்வார்.

அக்காலத்தில் அமெரிக்காவெங்கும் ஹவாய்க் கித்தார் மோகம் பரவியிருந்தது. கித்தாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறை அது. நம் சித்திரவீணையை, அதாவது கோட்டுவாத்தியத்தை, பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சுரங்கள் படிப்படியாக ஏறாமல் வழுக்கிக்கொண்டு ஏறும். லியோ முதலில் செய்து விற்றது இந்த மடிக் கித்தார்களைத்தான். டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து 1945இல் கே அண்ட் எஃப் என்ற பெயரில் அவற்றைத் தயாரித்தார். இந்த காஃப்மன் சாதாரண ஆள் அல்லர். கைப்பிடியை ஆட்டினால் கம்பிகளின் சுருதி ஏறி இறங்கும் கருவி ஒன்றை அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1930களில் அதைத் தன் கித்தார்களில் பொருத்தியது. கடன் சுமைக்கு அஞ்சி காஃப்மன் 1946இல் விலகிக்கொண்டார். லியோ தனியாக ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கினார்.

1950இல் உள்ளீடற்ற பெட்டிக்குப் பதிலாகக் கட்டைமரத்தில் செய்த மின் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது அதுதான். அதே ஆண்டில் மின் பேஸ் கித்தாரும் வந்தது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை. நாம் குதிரைக்குத் திரும்புவோம்.

டெலிகாஸ்டரை வாசித்தவர்களிடமிருந்து புகார்களும் வந்தன. பில் கார்சன் என்ற கலைஞர், மரத்தின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்றார். சுரத்தை அசைக்கும் கைப்பிடி வேண்டும் என்றும் கேட்டார். அப்படிப்பட்ட கருவிகள் அப்போதே சந்தையில் இருந்தன. பால் பிக்ஸ்பி செய்த கருவி மிகவும் பெயர் பெற்றது. ஆனால் அவற்றில் கம்பியின் வால்முனை மட்டும் அசையும், குதிரை அசையாது. ஆகவே கைப்பிடியை ஆட்டும்போதெல்லாம் கம்பி குதிரையின் மேல் உரசி நகரும். விட்டால் பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்பாது. பாட்டின் நடுவே சுருதி கலைந்துவிடும். கார்சன் கேட்டது, ஆட்டிவிட்டாலும் சுருதிக்குத் திரும்பி வருகிற ஒன்றை.

1953இல் ஃபிரெட்டி டவாரஸ் என்ற ஹவாய்க் கலைஞர் லியோவிடம் வேலைக்குச் சேர்ந்தார். லூனி டியூன்ஸ் கேலிச்சித்திரங்கள் தொடங்கும்போது சர்ரென்று வழுக்கி ஏறும் ஓர் ஒலி வருமே, அதை ஸ்டீல் கித்தாரில் வாசித்தவர் என்று பெயர் பெற்றவர் இவர். வழுக்கும் சுரத்தோடு வளர்ந்த இந்த மனிதர்தான் ஸ்டிராட்டோகாஸ்டரின் உடலை வரைந்தார்.

புதிய கித்தாருக்கு லியோ முதலில் வடிவமைத்த டிரெமோலோ தோல்வியடைந்தது. ஆட்டினால் சுருதி மாறியது, உண்மைதான். ஆனால் சுரம் நீடித்து ஒலிக்காமல் மெலிந்து போயிற்று. அதற்குள் உற்பத்திக்கான அச்சுகளும் கருவிகளும் பணம் போட்டுத் தயாராகிவிட்டன. கணக்குப் படித்தவருக்கு அந்த நட்டத்தின் கனம் நன்றாகவே தெரிந்திருக்கும். இருந்தும் லியோ அத்தனையையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அன்று அவர் அந்தச் செலவுக்காகத் தயங்கியிருந்தால் ஸ்டிராட்டோகாஸ்டர் இன்னும் ஒரு கித்தாராக வந்து மறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது வடிவத்தில் குதிரையும் வால்முனையும் ஒரே பாகமாயின. அந்தத் தகட்டின் முன்விளிம்பு ஆறு திருகுகளில் சாய்ந்து நிற்கும். தகட்டுக்கு அடியில் கனமான எஃகுக் கட்டி. கம்பிகள் அந்தக் கட்டிக்குள் நுழைந்து மேலே வருகின்றன. முதல் வடிவத்தில் மெலிந்துபோன ஒலிக்கு வலு தந்தது இந்தக் கட்டியின் எடைதான். கட்டியின் அடிப்பக்கத்தை ஸ்பிரிங்குகள் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங்குகளின் மறுமுனை, கித்தாரின் முதுகுப்பக்கக் குழியில் இரண்டு நீண்ட திருகுகளால் மரத்தோடு பிணைத்த ஒரு நகத்தகட்டில் மாட்டியிருக்கும். கைப்பிடியை அழுத்தினால் முழுத் தகடும் கம்பிகளோடு சேர்ந்தே சாய்கிறது. கம்பி குதிரையின் மேல் உரசுவது பெரும்பாலும் நின்றுபோகிறது. குதிரையும் வால்முனையும் ஒருங்கே இயங்குவதால் இதற்கு ஒத்தியங்கும் டிரெமோலோ என்று பெயர் வைத்தார்கள். 1954இல் ஸ்டிராட்டோகாஸ்டர் வெளிவந்தது. டிரெமோலோவோடு அதன் விலை 249.50 டாலர். அந்த ஆண்டு ஆகஸ்டில் விண்ணப்பித்த காப்புரிமை 1956 ஏப்ரலில் கிடைத்தது.

படிவம் 5 இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். விசைகளின் சமநிலையும் ஹூக் விதியும் உங்கள் பாடநூலில் முதல் பாடத்திலேயே வருகின்றன. 10 என்ற அளவில் தொடங்கும் வழக்கமான கம்பிக்கட்டு சுருதிக்கு வந்து நிற்கும்போது ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 46 கிலோ எடைக்குச் சமமாகக் குதிரையை முன்னால் இழுக்கின்றன. முதுகுப்பக்க ஸ்பிரிங்குகள் அதை எதிர்த்து இழுக்கின்றன. இரண்டும் சமமாகும் இடத்தில் குதிரை மிதக்கிறது. பொற்கொல்லரின் தராசு முள் நடுவில் நிற்பது போலத்தான். ஒரு தட்டில் குன்றிமணி ஏறினாலும் முள் அசையும். ஒரு கம்பியை முறுக்கிச் சுருதியை ஏற்றினால் முன்னிழுப்பு கூடுகிறது, குதிரை முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்தும் தளர்ந்து சுருதி இறங்குகின்றன. ஒரு கம்பி அறுந்துவிட்டாலோ ஸ்பிரிங்குகள் வென்று, மிச்சமுள்ள கம்பிகள் எல்லாம் ஏறிவிடுகின்றன. மாணவர்கள் சொல்லும் புகார் இதுதான்.

ஆகவே மிதக்கும் பிரிட்ஜைச் சரிசெய்ய ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எந்த அளவுக் கம்பி என்று முடிவு செய்து அதையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். 9 அளவுக் கட்டு இழுப்பது ஏறக்குறைய 38 கிலோ. 10க்கு மாறினாலே தராசில் 8 கிலோ கூடிவிடும். அளவை மாற்றியபின் ஸ்பிரிங்கைத் தொடாமல் விட்டால் குதிரை முன்னால் கவிழ்ந்து நிற்கும். புதுக் கம்பி மாட்டியதும் அதைக் கையால் மெல்ல இழுத்து இழுத்துத் தளர்வை எடுத்துவிடுங்கள். குதிரையின் பின்விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கு நான் கையாளும் முறை எளிது. காலாவதியான வங்கி அட்டைகள் நான்கை அடுக்கினால் ஏறக்குறைய அதே கனம். முதுகுப்பக்கத் திருகுகளைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கி, அட்டைகளைப் பின்விளிம்புக்கு அடியில் செருகிவிடுவேன். குதிரை அட்டைகளின் மேல் அழுந்தி நிற்கும், அசையாது. அந்த நிலையில் ஆறு கம்பிகளுக்கும் சுருதி சேர்த்துவிட்டு, முதுகுத் திருகுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துவேன். அட்டைகள் தாமாக நழுவும் கணத்தில் ஸ்பிரிங்கின் இழுப்பும் கம்பியின் இழுப்பும் சமம். கித்தார் சுருதியில் இருக்கும், குதிரை மிதக்கும். இதற்கு வேண்டியதெல்லாம் ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும்தான்.

முன்பக்கத்து ஆறு திருகுகளையும் இறுக்கி வைப்பது பலர் செய்யும் வேலை. அப்படிச் செய்தால் தகடு திருகுத் தலைகளில் சிக்கி, ஆட்டியபின் திரும்பாது. இரண்டு ஓரத் திருகுகள் தாங்கினால் போதும், நடு நான்கையும் இம்மியளவு உயர்த்திவிடுங்கள். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் படியும் பள்ளங்களில் பென்சில் முனையால் கோடு கிழித்தால் அங்கே உரசல் குறையும். நம் ஜொகூர் ஈரக்காற்றில் ஸ்பிரிங்குகளும் திருகுகளும் வெகு விரைவில் துருவேறும். முதுகு மூடியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. இந்த வம்பே வேண்டாம் என்று எரிக் கிளாப்டன் மரத்துண்டை அடைத்துக் குதிரையை அசையாமல் நிறுத்திவிட்டார். அதுவும் ஒரு வழிதான்.

இசை படித்தவர்கள் லியோவிடம் ஒரு பிழையைக் காண்பார்கள். டிரெமோலோ என்றால் இசைமொழியில் ஒலியின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்குவதற்கு வைப்ரேட்டோ என்று பெயர், நம் கம்பித கமகத்தின் தூரத்து உறவு. லியோ செய்தது வைப்ரேட்டோ, வைத்த பெயர் டிரெமோலோ. வேடிக்கை என்னவென்றால், 1955இல் அவர் வெளியிட்ட டிரெமோலக்ஸ் ஒலிபெருக்கிக்குப் பெயர் சரியாக அமைந்தது, 1956இல் வந்த வைப்ரோலக்ஸில் மறுபடியும் பெயர் மாறிப் போயிற்று. உலகமே இன்றுவரை அவர் வைத்த தவறான பெயரைத்தான் சொல்கிறது. நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறும். ஆனால் மீட்டிய இடத்துக்குக் கீழே இறக்க முடியாது. மிதக்கும் குதிரை இரண்டு பக்கமும் போகும். அதோடு ஆறு கம்பிகளையும் ஒரே அசைவில் கொண்டுபோகும். இதைக் கேட்ட கலைஞர்கள் லியோ கனவிலும் நினைக்காத இடங்களுக்கெல்லாம் போனார்கள். அவர் விரும்பிக் கேட்டது அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை. அதில் ஒரு சுரத்தை மெல்ல நடுங்க வைக்கத்தான் அந்தக் கைப்பிடி. 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதே கைப்பிடியைக் கொண்டு விழும் குண்டுகளின் ஓலத்தை எழுப்பினார்.

நம் பக்கத்துக்கு அந்த ஒலி வந்த வழி வேறு. இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவில் ஹேங்க் மார்வின் கைப்பிடியை மெதுவாக அசைத்தபடி ஸ்டிராட்டோகாஸ்டர் வாசித்தார். அந்தக் குழு கிளிஃப் ரிச்சர்டோடு 1961இல் சிங்கப்பூருக்கு வந்தது. ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் இளைஞர்கள் மின் கித்தாரைக் கையில் எடுத்தார்கள். கூகிரான் என்று அழைக்கப்பட்ட மலாய்க் கித்தார்க் குழுக்களின் காலம் அப்படிப் பிறந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1981இல், நம் ஜொகூர் பாருவிலேயே செர்ச் ராக் குழு உருவானது. அந்த வேளையில் ஃபிளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கர், கம்பிகளை இரு முனைகளிலும் பூட்டிவிடும் மிதக்கும் பிரிட்ஜைக் கொண்டுவந்திருந்தார். ஆனால் ஸ்பிரிங்கும் கம்பியும் எதிரெதிரே இழுக்கும் அடிப்படையை அவரும் மாற்றவில்லை.

லியோ மட்டும் தன் வடிவத்தோடு சமாதானம் ஆகவில்லை. 1958இல் ஜாஸ்மாஸ்டர் என்ற கித்தாருக்காக வேறொரு டிரெமோலோ செய்தார். மிதக்கும் டிரெமோலோ என்று நிறுவனமே பெயரிட்டது இதற்குத்தான். இதில் ஒரு பூட்டுப் பொத்தான் உண்டு. அதைச் சரியாக அமைத்து வைத்தால், மேடையில் ஒரு கம்பி அறுந்தாலும் பொத்தானைத் தள்ளி மற்ற ஐந்தையும் சுருதியில் நிறுத்திவிடலாம். நான்கு ஆண்டுகளாகக் கலைஞர்களிடமிருந்து கேட்ட புகாருக்கு அவர் தந்த விடை அது. ஜாஸ் கலைஞர்களுக்காகச் செய்தார், அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடற்கரைச் சர்ஃப் இசை இளைஞர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

1950களின் நடுவில் அவருக்கு சைனஸ் தொற்று ஒன்று பற்றிக்கொண்டு விடவே இல்லை. உடல் தளர்ந்து, இனி அதிக நாள் இருக்க மாட்டோம் என்று எண்ணி நிறுவனத்தை விற்க முடிவு செய்தார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கியது. 600 டாலர் கடனில் தொடங்கிய கதை அப்படி முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதியிருக்கக்கூடும். ஆனால் விற்ற பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் தொற்று குணமாகிவிட்டது. உடல் தேறிய மனிதரிடம் பணம் இருந்தது, தன் பெயர் தாங்கிய நிறுவனம் இல்லை.

ஒப்பந்தப்படி அவர் பத்து ஆண்டுகள் போட்டித் தொழிலில் இறங்கக்கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் மியூசிக் மேன் என்ற நிறுவனத்தின் தலைவரானார். பிறகு பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் நிறுவனத்தை நிறுவினார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. மீண்டும் அதே குதிரையைத்தான் கையில் எடுத்தார். 1954இல் தாமே போட்ட ஆறு திருகுகளை நீக்கிவிட்டு, தகட்டை இரண்டே முனைகளில் சாய்ந்து நிற்க வைத்தார். ஆறு இடங்களில் இருந்த உரசல் இரண்டாகக் குறைந்தது. 1980களின் பிற்பகுதியில், அவர் விற்றுவிட்டு வந்த ஃபெண்டர் நிறுவனமும் தன் அமெரிக்கத் தயாரிப்பு ஸ்டிராட்டோகாஸ்டரில் இரண்டு முனைக் குதிரையைப் பொருத்தத் தொடங்கியது.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவர் கைகளை நடுங்க வைத்தது. அப்போதும் பணிமனைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஃபுல்லர்ட்டனில் காலமானார். அவர் விட்டுச்சென்ற பணிமேசையை ஜி அண்ட் எல் பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தது.